என் மேசையில் இருக்கும்வரை நாள் ஓடாது

ஜூன் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நலம். உங்கள் எல்லோருடைய நலத்தையும் காலையில் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். அண்ணிக்கு முழங்கால் வலி தேவலையா? மாடிப்படி ஏற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

போனில் பேசியிருக்கலாமே என்பாய். போனில் நீ "சரி சரி" என்று வைத்துவிடுவாய். அதோடு, போன் பேச்சு என் மகளுக்குக் கேட்காது. கடிதம் என்றால் மூன்று பேரும் படிக்கலாம். இது அவள் விஷயம்.

உன் இலாகாவின் பம்ப் ஹவுஸில் ஒன்பது வருஷமாக அவள் ஆபரேட்டராக இருக்கிறாள். ஷிப்ட் மேற்பார்வையாளர் வேலைக்கு எழுத்துத் தேர்வு வைத்தார்கள். மூன்று பேரில் முதல் மார்க் அவளுக்குத்தான். அடுத்து நேர்முகம். மற்ற இரண்டு பையன்களையும் பொறியாளர் தன் அறையில் உட்கார வைத்து, டீ வரவழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு கேள்வி கேட்டிருக்கிறார். இவள் முறை வந்ததும், "வேலை நடக்கிற இடத்திலேயே பார்த்துடலாம் வாம்மா" என்று மோட்டார் ஓடுகிற கூடத்துக்குக் கூட்டிப்போய் நிறுத்தியிருக்கிறார். மூன்று மோட்டாரும் ஓடுகின்றன. நல்ல காது உள்ளவனுக்கே அங்கே ஒன்றும் கேட்காது. காதில் மெஷின் வைத்திருப்பவளுக்கு அந்தச் சத்தம் மண்டைக்குள் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும்.

சத்தத்தில்கூட எதிரே நிற்பவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டுவிடுவாள், உனக்குத் தெரியும். அதற்கும் வழியில்லாமல், அந்த மனிதர் கேள்வித்தாளை வாய்க்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு படித்திருக்கிறார். "சார், எழுதிக் காட்டுங்க, பதில் சொல்றேன்" என்று கேட்டிருக்கிறாள். "எல்லாருக்கும் ஒரே மாதிரிதான்மா. தனிச் சலுகை கிடையாது" என்றாராம். அது மட்டும் தாளை இறக்கிவிட்டுச் சொன்னாராம், நன்றாகப் புரியட்டும் என்று.

ஜூன் நான்காம் தேதி முடிவை ஒட்டினார்கள். அவள் பெயருக்கு எதிரே "நேர்முகத்தில் பதில் அளிக்கவில்லை" என்று இருக்கிறது. அண்ணா, எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் அந்தப் பொறியாளர் முகம்தான் வருகிறது. கடவுள் பெயரைச் சொல்ல வேண்டிய வாயில் வேறு என்னென்னவோ வருகிறது.

இவள் பாகுபாட்டுப் புகார்ப் பிரிவில் எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்கிறாள். தலைமை அலுவலகத்தில் பணியாளர் பிரிவுக்கே தலைவனாக நீ இருக்கும்போது, உன்னைக் கேட்காமல் உன் இலாகா மேல் புகார் கொடுப்பது முறையில்லை என்று நான்தான் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறேன். என்ன செய்யலாம் என்று உடனே எழுது. அப்பா மாதிரி "பார்க்கலாம்" என்று மட்டும் எழுதிவிடாதே. அவர் வாயில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். உனக்கு சைக்கிள் "பார்க்கலாம்", எனக்குப் பள்ளிக்கூடம் "பார்க்கலாம்". இரண்டும் வரவே இல்லை.

உன் அன்புத் தங்கை


ஜூன் 15

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மேசையில் வேறு தாள் இல்லாததால் இலாகாத் தாளிலேயே எழுதுகிறேன். போன தடவை "அரசாங்கத் தாளைத் தங்கச்சிக்குச் செலவு பண்ணுகிறாயே, கணக்குக் கேட்க ஆளில்லையா" என்று கிண்டல் செய்திருந்தாய். முப்பத்திரண்டு வருஷம் உழைத்தவனுக்கு ஒரு தாள்கூடவா சொந்தமில்லை? மேலே முத்திரை, கீழே என் பதவி, இதைப் பார்த்தால் உன் தபால்காரருக்கே ஒரு மரியாதை வரும்.

உன் மகளை, என் ரேடியோவை, அப்படி நிறுத்தி வைத்ததைப் படித்து மனசு கஷ்டப்பட்டது. அந்தப் பொறியாளர் முரடன், எனக்கும் தெரியும். ஆனால் புகார்ப் பிரிவுக்கு ஓடாதே. அங்கே ஒரு காகிதம் போய்விட்டால் அப்புறம் என் கையில் ஒன்றுமில்லை. எல்லோரும் அவரவர் பக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார்கள். பிள்ளைக்குக் கெட்ட பெயர். இப்போது விஷயம் நமக்குள் இருக்கிறது. இயக்குநரிடம் நான் பேசுகிறேன். பட்டியலை மறுபரிசீலனை செய்யச் சொல்லலாம்.

நீ கோபத்தைக் குறைத்துக்கொள். உனக்குக் கோபம் வந்தால் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போடுவாய், பாவம் மாப்பிள்ளை. டிசம்பரில் நான் ஓய்வு பெறுகிறேன். அதற்குள் ரேடியோவுக்கு ஒரு வழி பண்ணாமல் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருப்பேனா? நிச்சயம் பார்க்கலாம்.

அன்புடன்,
அண்ணன்


ஜூலை 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

"பார்க்கலாம்" என்று எழுதாதே என்றேன், எழுதிவிட்டாய். ஆனால் முன்னால் ஒரு "நிச்சயம்" போட்டிருக்கிறாய். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த இரண்டு பையன்களில் வேலை கிடைத்தவன் மேற்பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எந்த வால்வை எப்போது திறக்க வேண்டும் என்று இவளையே கூப்பிட்டுக் கேட்கிறானாம். நேற்று அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "பதில் சொல்லத் தெரியாதவகிட்ட ஏம்மா தினம் கேள்வி கேக்கறாங்க?" என்றாள். இவரோ, "மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும், பொறுங்க" என்று பேப்பருக்குள் போய்விட்டார்.

இப்போது ஒன்று கேட்கிறேன், நேராகச் சொல். கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி, இந்தப் புகாருக்கெல்லாம் ஏதோ கெடு உண்டு, அதற்குள் கொடுக்காவிட்டால் வாங்கமாட்டார்கள் என்று இவளிடம் சொல்லியிருக்கிறாள். உண்மையா? எத்தனை நாள்? அந்த நாளுக்குள் உன் இயக்குநர் ஒரு முடிவு சொல்லாவிட்டால் நாங்கள் கொடுத்துவிடுகிறோம். உனக்கு அதனால் சங்கடம் என்றால் அதையும் சொல்லிவிடு, மறைக்காதே.

உன் பிள்ளைகளுக்கு என் அன்பு. அண்ணிக்கு மூட்டுவலித் தைலம் அனுப்பியிருக்கிறேன், ராத்திரி தடவச் சொல்.

உன் அன்புத் தங்கை


ஜூலை 9

அன்புத் தங்கைக்கு,

தைலம் வந்தது. உன் அண்ணி அதைத் தடவிக்கொண்டு வீடு முழுக்க மணக்க மணக்க நடக்கிறாள்.

கெடு கிடு என்று யாரோ சொல்வதைக் கேட்டுப் பயப்படாதே. அதெல்லாம் போக்கிடம் இல்லாதவர்களுக்கு. இந்த விஷயம் என் மேசையில் இருக்கும்வரை நாள் ஓடாது. பணியாளர் பிரிவே கவனத்தில் எடுத்துக்கொண்டுவிட்டது என்றால் கெடு என்ன செய்யும்? இயக்குநர் வெளியூர் போயிருக்கிறார், ஜூலை இருபத்தைந்தாம் தேதி திரும்புகிறார். அதுவரை ரேடியோ எந்தக் காகிதமும் கொடுக்க வேண்டாம். நான் சொல்கிறேன், எழுத்திலேயே தருகிறேன், போதுமா? இலாகா முத்திரையோடு.

உனக்கு நான் கெடுதல் நினைப்பேனா? அந்தப் பிள்ளைக்கு முதல் காது மெஷினை மாட்டிவிட்டது இந்தக் கைதானே. மாட்டியதும் அது என் வாட்ச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அன்புடன்,
அண்ணன்


ஜூலை 26

அன்புத் தங்கைக்கு,

இயக்குநர் நேற்று வந்தார், பேசினேன். ஒட்டிய பட்டியலை மாற்றுவதற்கில்லை என்கிறார். என்னால் ஆனதைச் செய்துவிட்டேன். அடுத்த தடவை முதல் பெயர் ரேடியோவுடையதுதான், நான் சொன்னேன் என்று சொல். இனி இதைப் பெரிதுபடுத்த வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள். வேலை நெருக்கடியில் சுருக்கமாக எழுதுகிறேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 12

அண்ணா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. மன்னித்துக்கொள்.

உன் கடிதம் கிடைத்த மறுநாளே இவள் புகாரைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். முந்தாநாள் அது திரும்பி வந்துவிட்டது. "முடிவு வெளியான நாளிலிருந்து நாற்பத்தைந்து நாட்களுக்குள் அளிக்கப்படாததால் ஏற்பதற்கில்லை." அவ்வளவுதான். மோட்டார் கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தாளை வாய்க்கு நேரே பிடித்தது பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜூலை பத்தொன்பதோடு எல்லாம் முடிந்துவிட்டதாம். நீ எங்களை இருபத்தைந்துவரை இருக்கச் சொன்னாய்.

பால் கணக்கில் அரை லிட்டர் விட்டுப்போனாலும் மாசக் கடைசியில் பிடித்துவிடுகிறவள் நான். என் பிள்ளை விஷயத்தில் ஒரு தேதியைக் கோட்டை விட்டேன். ஏன் தெரியுமா? நீ சொன்னதை நான் சரிபார்க்கவே இல்லை. உன் பேச்சைச் சரிபார்க்கிற பழக்கமே எனக்கு இருந்ததில்லை.

புகார் திரும்பி வந்த அன்று நானே பம்ப் ஹவுஸுக்குப் போனேன். நாற்பத்தைந்து நாள் என்று எங்கேதான் எழுதியிருக்கிறது, கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று. வாட்ச்மேன், "அந்த நோட்டீஸா? கதவுக்குப் பின்னால இருக்கும்மா, மழைக்கோட்டுக்கு அடியில" என்றார். கதவைச் சாத்தி, மூன்று மழைக்கோட்டை எடுத்துக் கீழே போட்டுவிட்டுப் படித்தேன். எழுத்துக்கூட்டித்தான் படித்தேன், எனக்கு அவ்வளவுதான் வரும். பாகுபாட்டுப் புகார் கொடுக்க நாற்பத்தைந்து நாள். எந்தக் காரணத்துக்காகவும், மேலதிகாரியிடம் பேச்சு நடந்துகொண்டிருந்தாலும், நாள் நிற்காது. கீழே கையெழுத்து.

உன் கையெழுத்து அண்ணா. உன் பெயர், உன் பதவி. நீ எழுதி, நீயே கையெழுத்துப் போட்டு, எல்லா அலுவலகத்துக்கும் அனுப்பிய நோட்டீஸ். நான் பள்ளிக்கூடம் போகாமல், உன் பழைய பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துப் பழகியபோது முதன்முதலில் எழுதிப் பார்த்தது உன் பெயரைத்தான். அதனால் அந்தப் பெயரை மட்டும் நான் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கவில்லை.

நேற்று புகார்ப் பிரிவுக்கு இவளோடு நானும் போனேன். அங்கே இருக்கிற அம்மாள் நல்ல மாதிரி. நிமிர்ந்து, வாய் தெரிகிற மாதிரி இவளைப் பார்த்துப் பேசினார். "மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருக்கு. கெடு தாண்டினதுக்குக் காரணம் காட்டணும். இலாகாவுல பொறுப்புல இருக்கற யாராவது உங்களக் காத்திருக்கச் சொன்னாங்களா? எழுத்துல இருக்கா?"

நான் "இல்லைங்க" என்று சொல்லிவிட்டேன். வாயில் தானாக வந்துவிட்டது. இத்தனைக்கும் காத்திருக்கச் சொன்ன உன் இரண்டு கடிதமும் என் பைக்குள்தான் இருந்தன.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது இவள் என் முகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "நீ என்ன சொன்னேன்னு எனக்குக் கேக்கல. ஆனா பாத்தேம்மா" என்றாள்.

அண்ணா, உனக்கு ஒரு வழி வைக்கிறேன். உன் கடிதங்களை நான் யாருக்கும் காட்டவில்லை. நீயே புகார்ப் பிரிவுக்கு நாலு வரி எழுது. "காத்திருக்கச் சொன்னது நான்தான், தவறு என்னுடையது" என்று மட்டும். அப்படிச் சொன்னவர் யாராவது இருந்தால் இப்போது எழுதிக் கொடுத்தாலும் போதும் என்று அந்த அம்மாள் பொதுவாகச் சொன்னார். நீ வாயைத் திறந்தால் என் பிள்ளையின் புகாருக்கு உயிர் வரும். மாச முடிவுவரை பார்த்திருக்கிறேன். எந்தப் பதிலும் வேண்டாம், அந்த நாலு வரி போதும்.

தங்கை


ஆகஸ்ட் 21

அன்புத் தங்கைக்கு,

நீ எழுதியதைப் படித்து ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. நீயா இப்படி எழுதினாய்? யாரோ பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்திருக்கிறார்கள்.

நான் செய்தது குடும்பத்தில் மூத்தவன் செய்வது. அண்ணனாகச் சொன்ன ஆறுதலை அதிகாரி சொன்ன உத்தரவாக எடுத்துக்கொண்டது உன் தவறு. ஓய்வு பெற நாலு மாசம்கூட இல்லை. இப்போது நான் அப்படி எழுதிக் கொடுத்தால் விசாரணை என்று இழுப்பார்கள். ஓய்வூதியம் நிற்கும். சின்னவன் படிப்பு நடுவில் இருக்கிறது. உன் அண்ணி முகத்தை நீ எப்படிப் பார்ப்பாய்? அந்தப் பொறியாளர் அமைச்சருக்கு வேண்டியவர். இதெல்லாம் உனக்கு எப்படிப் புரியும். பட்டியல் ஒட்டின அன்றே எனக்குச் சொல்லி அனுப்பினார்கள், உங்கள் வீட்டுப் பெண்ணைச் சமாளிப்பது உங்கள் பொறுப்பு என்று. நான் என்ன செய்திருக்க முடியும்?

அந்தக் கடிதங்களை அடுப்பில் போட்டுவிடு. ரேடியோவுக்குப் புது மெஷின், வெளிநாட்டு மெஷின், நான் வாங்கித் தருகிறேன். சத்தத்தில்கூடத் துல்லியமாகக் கேட்குமாம்.

டிசம்பரில் எனக்குப் பாராட்டு விழா ஏற்பாடு செய்கிறார்கள். முதல் வரிசையில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் நாற்காலி போடச் சொல்லிவிட்டேன். நீ வராமல் எனக்கு என்ன விழா? எல்லாவற்றையும் மறந்துவிட்டு வா. வருவாய் இல்லையா?


செப்டம்பர் 3

அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்தது. இந்தத் தடவை இலாகாத் தாள் இல்லை. நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள். கீழே கையெழுத்தும் இல்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் உன் மேசையில் முதல் தடவையாக வேறு தாள் அகப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்ததுமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. உள்ளே படிக்காமலே இருந்திருக்கலாம். படித்தேன்.

நீ பயந்ததாக எழுதியிருந்தால் மன்னித்திருப்பேன். நான் பயப்படாதவளா? அந்த அம்மாள் எதிரே நானே பயந்துதான் "இல்லை" என்றேன். ஆனால் உனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பட்டியல் ஒட்டின அன்றே. அப்படியென்றால் நான் முதல் கடிதத்தை எழுதி, அண்ணிக்கு முழங்கால் வலியா என்று விசாரித்துக்கொண்டிருந்தபோதே, என் பிள்ளையைச் சமாளிக்கிற வேலையை நீ வாங்கிக்கொண்டாய். "நிச்சயம்" என்று எழுதும்போது, வாட்ச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்த கதையை எழுதும்போது, ஜூலை பத்தொன்பது உன் கண்ணெதிரே காலண்டரில் இருந்திருக்கும். அந்தச் சிரிப்பையுமா அண்ணா கொண்டுவந்து இதில் போட்டாய்?

அந்தப் பொறியாளர் தாளால் வாயை மூடிக்கொண்டார். நீ தாளில் எழுதியே மூடினாய். அவரைவிட நீ கெட்டிக்காரன்.

உன் கடிதங்களைக் கடவுள் முன் வைத்துக் கேட்டேன், என்ன செய்யட்டும் என்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் மேலிடம்தானே. பிறகு மகளையே கேட்டேன். "மாமாவுக்குக் கஷ்டம் வரும்டி, ஓய்வூதியம்கூட நிக்கலாம், தெரியுமா?" என்றேன். அவள், "மாமா என்னை ரேடியோன்னு கூப்பிடுவாரில்ல? ரேடியோதான்மா பேசிக்கிட்டே இருக்கும், யார் சொல்றதயும் கேக்காது. அது நானில்ல, அவருதான்" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இனி அவளை அந்தப் பெயரில் எழுதாதே. எந்தப் பெயரிலும் எழுதாதே.

நீ வாங்கிக் கொடுத்த முதல் மெஷினை நான் மறக்கவில்லை. சாகும்வரை மறக்கமாட்டேன். ஆனால் காது வாங்கிக் கொடுத்த உரிமையில் வாயை மூடச் சொல்லாதே. புது மெஷினும் வேண்டாம். சத்தத்தில்கூடத் துல்லியமாகக் கேட்குமாம்! கேட்கிற மெஷின் அவளிடம் இருக்கிறது அண்ணா. தாளை இறக்கிவிட்டுப் பேசுகிற ஆள்தான் உன் இலாகாவில் இல்லை.

நேற்று மூன்று பேரும் புகார்ப் பிரிவுக்குப் போனோம். மேல்முறையீட்டை அவளே எழுதினாள். அதோடு உன் ஜூன் பதினைந்து, ஜூலை ஒன்பது கடிதங்களையும் கொடுத்துவிட்டோம். கோடு போட்ட தாளைக் கொடுக்கவில்லை. அதில் அண்ணியும் சின்னவனும் இருக்கிறார்கள். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? அதைத்தான் அடுப்பில் போட்டேன். நீ கேட்டதில் அந்த ஒன்றைச் செய்தேன்.

அந்த அம்மாளிடம், "அன்னைக்கு இல்லைன்னு பொய் சொல்லிட்டேங்க, எழுத்துல இருக்கு" என்றேன். அவர் திட்டவில்லை. ஜூலைக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். மேலே இருந்த முத்திரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இலாகாத் தாள்லயே எழுதியிருக்காரே" என்றார். ஆச்சரியமா, பரிதாபமா தெரியவில்லை. "ஆமாங்க, மேசையில வேற தாள் இல்லையாம்" என்றேன். நீ வெறும் தாளில் எழுதியிருந்தால் இது அண்ணன் தங்கைப் பேச்சு என்று தள்ளியிருப்பார்களாம். முத்திரையும் பதவியும் இருப்பதால் இலாகாவே சொன்ன மாதிரியாம். தபால்காரருக்கு மரியாதை வந்ததோ இல்லையோ, புகாருக்கு வந்துவிட்டது.

எடுத்துக்கொள்வார்களா இல்லையா என்று இன்னும் சொல்லவில்லை. மூன்று வாரம் ஆகுமாம். தள்ளினாலும் தள்ளட்டும். மோட்டார் கூடத்தில் நடந்தது இப்போது அரசாங்கக் காகிதத்தில் ஏறிவிட்டது, அவள் எழுத்தில், அவள் கையெழுத்தோடு. "பதில் அளிக்கவில்லை" என்று ஒட்டினார்களே, இதோ அளித்திருக்கிறாள்.

இவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உன் கடிதங்களை ஜெராக்ஸ் எடுக்க அவர்தான் போனார். மூன்று காப்பியோடு வந்தார். எதற்கு மூன்று என்றேன். "ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணு நமக்கு. இன்னொண்ணு மச்சானுக்கு. என்ன எழுதினோம்னு மறந்துபோயிருப்பாரு" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் உன்னைப் பற்றிச் சொன்ன முதல் கெட்ட வார்த்தை அதுதான். அந்தக் காப்பியை இதோடு வைத்திருக்கிறேன்.

அண்ணியின் முழங்காலுக்குத் தைலம் தீர்ந்திருக்கும். தனியாக அவள் பெயருக்கு அனுப்புகிறேன்.

டிசம்பர் விழாவுக்கு வருவாயா, முதல் வரிசையில் நாற்காலி போட்டிருக்கிறேன் என்று கேட்டிருக்கிறாய்.

பார்க்கலாம்.

தங்கை